அப்பாவின் இடது செருப்பு

கேள்வி: 19 நாளைக்கு முன் கோவையிலிருந்து திரும்பும்போது, வாளையாருக்கு முன்னால் எங்கள் காரைப் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்துவிட்டது. ஓட்டிய எனக்குக் கழுத்து இன்னும் பிடித்தபடி இருக்கிறது. மார்பில் சீட் பெல்ட் தடம் மஞ்சளாகத் தெரிகிறது. கழுத்து வெட்டி இழுத்தால் பின்னால் கை கால் விழுந்துவிடும் என்று நெட்டில் படித்தேன். உழிச்சல் (மசாஜ்) செய்யலாமா? பின்சீட்டில் இருந்த அப்பாவுக்கு (68, இதய ரத்தக்குழாய் அடைக்காமலிருக்க ஸ்டென்ட் வைத்தவர்) கண்ணாடியில் தலை லேசாக இடித்தது. அன்றைக்கு ஒன்றுமில்லை. நாலு நாளாகத் தலைவலி என்கிறார், டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுக்கிறேன். இடது செருப்பு காலில் தங்காமல் நழுவுகிறது, வயதுதானே காரணம்?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இன்றைக்கே அப்பாவைக் கூட்டிப்போய்த் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுங்கள். மீதியை ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

வயதானால் இரண்டு செருப்பும் நழுவட்டும், ஒன்று மட்டும் ஏன் நழுவுகிறது? வயது கூடக் கூட மூளை கொஞ்சம் சுருங்கும். அதற்கும் மேலுறைக்கும் நடுவே ஓடும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கும். லேசான இடியிலேயே அதில் ஒன்று கசியலாம். ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போல ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிடுவார், கசிவு சீக்கிரம் நிற்காது. சொட்டுச் சொட்டாகச் சேர்வதால் இரண்டு மூன்று வாரம், சிலருக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தலைவலி வரும். வலது பக்கம் சேர்ந்தால் இடது கால் தளரும். விரல்கள் செருப்பைப் பிடித்துக்கொள்வது நமக்குத் தெரியாமலே நடக்கிற வேலை, முதலில் கோட்டை விடுவதும் அதைத்தான்.

என்னிடம் வந்த ஒரு பெரியவர் சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். ‘மறதி’ என்று மகன் சிரித்தார். ஸ்கேனில் விரல் தடிமனுக்கு ரத்தம். மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு வடித்தார்கள், ஒரு வாரத்தில் நடந்தே வீட்டுக்குப் போனார். உங்கள் அப்பாவுக்கும் இதுவேதான் என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது. ஸ்கேன் சொல்லும்.

டைக்ளோஃபெனாக்கை இந்த நிமிடமே நிறுத்துங்கள். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவைக் கூட்டும் மாத்திரை அது. மருந்துக் கடைக்காரர் ‘ஸ்டென்ட் உண்டா’ என்று கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். அதற்காக இதய மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது வேறு கதை. ஸ்கேனைப் பார்த்த டாக்டர் முடிவு செய்யட்டும். பேச்சு குழறினாலோ, வாந்தி எடுத்தாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கி வழிந்தாலோ காரை எடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பாலக்காடா கோவையா என்று குடும்பத்தோடு ஆலோசனை வேண்டாம். நரம்பியல் அறுவை மருத்துவர் இருக்கிறாரா என்று போனில் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

சரி, உங்கள் கழுத்து. தசைப் பிடிப்பு, பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும். நெட்டில் படித்ததை மறந்துவிடுங்கள். கை மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, பின்கழுத்து எலும்பின் மேலேயே அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒரு டாக்டர் பார்க்கும்வரை உழிச்சல் கிடையாது. அடிபட்ட கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுப்பவர்கள் எனக்கு நிறைய வேலை கொடுத்திருக்கிறார்கள். மஞ்சள் தடம் கன்றியது ஆறுவதன் அடையாளம். வயிறு வலித்தால் மட்டும் சொல்லுங்கள்.

நீங்கள் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த விபத்துக்கு, அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 முதல் இருக்கிறது. ‘எங்களிடம் கேரள அட்டைதானே இருக்கு’ என்று எல்லையோரத்தில் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். இப்போதாவது விபத்து நடந்த தேதியையும் இடத்தையும் டாக்டரிடம் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ்காரர் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.

கிளம்பும்போது மாத்திரை டப்பாவையும் ஸ்டென்ட் வைத்த டிஸ்சார்ஜ் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போடட்டும். வழியில் இட்லி, டீ எதுவும் வேண்டாம். ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.