மேகத்தை ஒட்டவைத்தவர்கள்

அன்புள்ள ஐயா,
பிரெஞ்சு ஒளிப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரேயின் கடல் படங்களைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். வானத்தை ஒரு நெகட்டிவிலும் கடலை இன்னொன்றிலும் எடுத்து இணைத்தவர் அவர். இன்று ஒருவர் கைப்பேசியில் வானத்தை மாற்றினால் ஏமாற்று என்கிறோம். 1857இல் செய்தால் மட்டும் கைத்திறனா?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் காலத்துக் கண்ணாடித் தட்டு எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரக் கொலோடியன் தட்டில், அதாவது ரசாயனப் பூச்சு காய்வதற்குள் படமெடுத்துவிட வேண்டிய கண்ணாடியில், நீல ஒளிதான் வேகமாகப் பதியும். பச்சையும் சிவப்பும் மிக மந்தம். நிலம் தெரியும் அளவுக்கு லென்ஸைத் திறந்து வைத்தால் வானம் வெளிறிவிடும். மேகத்துக்காக நேரத்தைக் குறைத்தால் நிலம் கருத்துவிடும். ஒட்டு வேலை செய்யாத படத்தின் வெறும் வெள்ளை வானமும் உண்மை இல்லைதானே?

லெ கிரே செய்ததும் சுலபமில்லை. அச்சுத்தாளில் வானப் பகுதியை மறைத்து வெயிலில் கடலை அச்சிட வேண்டும், பிறகு கடலை மறைத்து வானத்தை. இணைப்பு தொடுவானக் கோட்டில் விழும். இம்மி பிசகினாலும் அங்கே ஒரு கோடு காட்டிக்கொடுத்துவிடும். அலைமேல் வெயில் எந்தப் பக்கம் விழுகிறதோ, மேகத்திலும் அப்படியே விழ வேண்டும். ஒரே மேகத்தைப் பல கடல்களுக்கு மேல் வைத்தார் என்பது எனக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

எல்லோரும் ஒட்டவில்லை. 1861இல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கு 18க்கு 22 அங்குலத் தட்டுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிப் போன அமெரிக்க ஒளிப்படக்காரர் கார்ல்டன் வாட்கின்ஸ், பல படங்களில் வானத்தை வெறுமையாகவே விட்டார். மலையின் விளிம்பு அந்த வெள்ளையில் கத்தியால் வெட்டியதுபோல நிற்கும். எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

கைப்பேசியைச் சொன்னீர்கள். வெளிச்சத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று பல படங்களை எடுத்து அது தானாகவே சேர்க்கிறது. நம்மிடம் கேட்பதுகூட இல்லை.

உங்கள் கேள்வி உண்மையில் குத்துவது லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ஒளிப்படக்காரரை. 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தவர். நம்மூர் வெயிலில் ஈரத் தட்டு சீக்கிரம் காய்ந்துவிடும். அவர் கையாண்டது முன்கூட்டியே தயாரித்து வைக்கக்கூடிய மெழுகுத்தாள், அதாவது கண்ணாடிக்குப் பதில் மெழுகேற்றிய தாளில் எடுக்கும் நெகட்டிவ். அந்த முறையை வகுத்தவரும் லெ கிரேதான். டிரைப் தன் நெகட்டிவ்களில் தூரிகையால் மேகம் தீட்டினார், மரங்களுக்கு இலையும் சேர்த்தார். லெ கிரே விற்றவை கலைப்படங்கள். டிரைப்போ மதறாஸ் மாகாண அரசின் சம்பளத்தில் ஆவணம் தயாரித்தவர். கோபுரத்தின் மேல் நிற்கும் அந்த மேகம் அன்று அங்கே இருந்ததா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

அன்புடன்.