எகிப்தியக் குடும்பக் கதைகள்: விதி எங்கே, காசு எங்கே? (கேள்வி பதில்)

கேள்வி: அரபுப் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. குடும்பக் கதைகள் பிடிக்கும். எதில் தொடங்கலாம்?

பதில்: சலா அபு சைஃப் 1960இல் எடுத்த ‘பிதாயா வ நிஹாயா’. திரைக்கு வந்த முதல் நகீப் மஹ்ஃபூஸ் நாவல் இது. கெய்ரோவில் சாதாரண அரசு குமாஸ்தா ஒருவர் திடீரென இறந்துபோகிறார். அதன்பின் அந்த வீட்டுக்குக் காசு எங்கிருந்து வருகிறது, யாருக்குப் போகிறது என்பதை மட்டும் கவனித்து வாருங்கள். மகள் நஃபீசா தையல் வேலைக்குப் போகிறாள். ஹுசைன் மேற்படிப்பை விட்டுவிட்டுத் தன்தா நகரில் எழுத்தராகிறான். மூத்தவன் ஹசன் அடிதடியில் சம்பாதிக்கிறான். இத்தனை பேர் முதுகிலும் ஏறித்தான் கடைக்குட்டி ஹசனைன் (உமர் ஷரீப்) ராணுவ அதிகாரியாகிறான். சீருடை போட்டதும் அவனுக்கு அந்த வீடே கூச்சமாகிவிடுகிறது. கடைசியில் குடும்ப மானம் என்று சொல்லி அக்காவை நைல் நதியில் குதிக்கும் நிலைக்கு அவன் தள்ளும்போது அதை விதி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நஃபீசாவாக வரும் சனா ஜமீலின் நடிப்புக்காகவே இரண்டாம் முறை பார்க்கலாம்.

கேள்வி: ‘துஆ அல் கரவான்’ படத்தின் முடிவு நாவலில் வேறு மாதிரியாமே?

பதில்: ஆமாம். தாஹா ஹுசைனின் நாவல் 1934இல் வந்தது, ஹென்றி பரக்கத்தின் படம் 1959இல். வேலைக்காரப் பெண் ஹனாதியை எஜமானரான இன்ஜினீயர் கெடுக்கிறான். மானத்தின் பேரில் அவளைத் தாய்மாமன் கொல்கிறான். பழிவாங்க அதே வீட்டில் வேலைக்குச் சேரும் தங்கை ஆம்னா (ஃபாத்தன் ஹமாமா) அவன்மீதே மனம் சாய்கிறாள். நாவலில் இருவரும் சேர்கிறார்கள், பழைய காயம் ஆறாமலே. படத்திலோ ஆம்னாவைக் காக்க முன்னால் பாய்ந்து, மாமனின் குண்டுக்கு இன்ஜினீயர் பலியாகிறான். கணக்கு அங்கே சுலபமாகத் தீர்ந்துவிடுகிறது. வேலைக்காரியின்மேல் முதலாளிக்கு இருந்த அதிகாரம் என்ற கேள்வி அந்தக் குண்டோடு மறைந்துபோவது படத்தின் பலவீனம்.

கேள்வி: பாஷா, பே, எஃபெந்தி... யார் பெரியவர்?

பதில்: பாஷா மேலே, அடுத்து பே. இரண்டும் மன்னர் கொடுத்த பட்டங்கள். எஃபெந்தி என்பவர் கோட்டும் சிவப்புத் தொப்பியும் அணிந்த படித்த குமாஸ்தா. 1952 புரட்சிக்குப் பின் பட்டங்கள் ஒழிக்கப்பட்டன. அதற்குப் பிந்தைய கதையில் யாராவது ‘பே’ என்றால் மரியாதைக்கோ காக்கா பிடிக்கவோதான்.

கேள்வி: மேடை நாடகத்தில் இந்த வர்க்க விஷயம் உண்டா?

பதில்: யூசுப் இத்ரீஸின் ‘அல் ஃபராஃபீர்’ (1964) படியுங்கள். எஜமானும் வேலைக்காரன் ஃபர்ஃபூரும் வேறு வேறு ஏற்பாடுகளை முயன்று பார்க்கிறார்கள், எதுவும் ஒத்துவரவில்லை. செத்தால் சமமாகிவிடலாம் என்று சாகிறார்கள். அங்கேயும் அணுக்களாகி, எடை குறைந்த ஃபர்ஃபூர் எஜமானைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். வேலைக்காரனுக்கு இயற்பியல்கூட உதவவில்லை என்பது இன்றும் பதறவைக்கிறது.

கேள்வி: ‘லயாலி அல் ஹில்மிய்யா’ தொடரை நடுவிலிருந்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். 1987இலிருந்து 1995 வரை ஐந்து பாகங்கள். ஆலை முதலாளி சலீம் அல் பத்ரிக்கும் கிராமத் தலைவர் சுலைமான் கானிமுக்கும் உள்ள பகை மன்னராட்சிக் காலத்தில் தொடங்குகிறது. அடுத்த தலைமுறைக் கல்யாணங்கள் எல்லாம் அதில் வேர்விட்டவை. முதல் பாகத்தைப் பார்க்கும்போதே யார் பிள்ளை யார் என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பாகத்தில் அந்தத் தாள் இல்லாமல் முடியாது.