வாசகர் வினா – விடை: பெயரிட்ட வண்டுக்கு மறுபடியும் விவரிப்பு எதற்கு?

வினா: மத்தியதரைக் கடற்பகுதியில் வாழும் கூன்வண்டு இனமொன்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பெயரிடப்பட்டிருந்தும், அதனை ஆய்வாளர்கள் "மறுவிவரிப்பு" செய்திருப்பதாக எனது உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி வாசித்துவிட்டு வந்து, "பெயரும் இருக்கிறது, விவரிப்பும் இருக்கிறது, பிறகு ஏன் மறுபடியும்?" என்று கேட்டாள். அவளுக்கு நிறைவான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. விளக்குவீர்களா?
– உயிரியல் ஆசிரியை, வெள்ளவத்தை

விடை: உங்கள் மாணவி கேட்டது நல்ல கேள்வி. பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஒரு வண்டை விவரித்தவர்கள் பெரும்பாலும் இலத்தீனில் இரண்டு மூன்று வரிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். உடல் கறுப்பு, மேலே சாம்பல் நிற மயிர், சிறகுறைகளில் (பின்சிறகுகளை மூடும் கடினமான முன்சிறகுகளில்) நெடுங்கோடுகள், கால்கள் சிவப்பு என்ற அளவில் அந்த விவரிப்பு முடிந்துவிடும். அன்று அறியப்பட்டிருந்த கூன்வண்டுகள் குறைவாக இருந்தமையால் அது போதுமானதாகவும் இருந்தது. இன்று கூன்வண்டுக் குடும்பத்தில் பெயரிடப்பட்ட இனங்கள் மட்டும் 50,000க்கு மேல். ஆகவே அந்த மூன்று வரிகள் ஒரே மலைச்சரிவில் வாழும் நான்கைந்து இனங்களுக்கு ஒருங்கே பொருந்திவிடுகின்றன. எழுதியவர் பிழை செய்யவில்லை. பின்னால் கண்டுபிடிக்கப்பட்ட உறவினங்களிலிருந்து அதைப் பிரித்துக்காட்ட அவருடைய சொற்கள் போதாமற்போயின.

உயிர்களை வகைப்படுத்திப் பெயரிடும் துறையான பாகுபாட்டியலில் ஓர் இனத்தின் பெயர் அதனை விவரித்த சொற்களோடு கட்டப்பட்டிருப்பதில்லை என்பதையும் மாணவிக்குச் சொல்லுங்கள். அது வகைமாதிரி எனப்படும், ஊசியில் குத்தியோ சிறு அட்டையில் ஒட்டியோ ஏதோ ஒரு நூதனசாலையின் பெட்டியில் வைக்கப்பட்டிருக்கும், ஒற்றை உடலோடு கட்டப்பட்டிருக்கிறது. பழைய ஆசிரியர்கள் பலர் தம் கையிலிருந்த ஐந்தாறு வண்டுகளில் எது அந்த மாதிரி என்று குறிக்காமலே விட்டுவிட்டார்கள். அந்த ஐந்தாறுக்குள் இரண்டு இனங்கள் கலந்திருந்தால் பெயர் யாருக்குரியது என்ற சிக்கல் எழும். மறுவிவரிப்புச் செய்பவர் அவற்றைத் தேடியெடுத்து, ஒப்பிட்டு, ஒன்றைத் தெரிவுசெய்து, இனிமேல் இப்பெயர் இவ்வுடலுக்கே என்று அச்சில் அறிவிக்கிறார். மூலமாதிரி அழிந்துபோயிருந்தால், பெயரின் பொருளை நிலைநிறுத்த வேறு வழியில்லாதபோது மட்டும், புதிய மாதிரியொன்றை நியமிக்க சர்வதேச விலங்கியற் பெயரிடல் விதிக்கோவை இடமளிக்கிறது. 1943இல் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சுக்குள்ளானபோது அங்கிருந்த விலங்கியல் நூதனசாலை எரிந்துபோனது போன்ற இழப்புகள் ஐரோப்பாவில் பல நேர்ந்தன.

உருப்பெருக்கியின் கீழ் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். வண்டின் நீளத்தை அளக்கும்போது, தலையிலிருந்து நீளும் மூஞ்சியைச் சேர்ப்பதில்லை. அது மேலும் கீழும் அசைவதால், சேர்த்தால் ஒரே வண்டுக்கு வேளைக்கொரு நீளம் வரும். அடுத்து உடலின் மேற்பரப்பு. மத்தியதரை நாடுகளின் முட்செடிகளில் பெருகி வாழும் லாரினஸ், லிக்ஸஸ் ஆகிய சாதிகளின் வண்டுகள், உயிரோடிருக்கையில், மகரந்தம் தூவியதைப்போல மஞ்சள் பொடி பூசியிருக்கும். விரலால் ஒருமுறை தொட்டாலே அந்தப் பொடி உதிர்ந்து, கறுப்பு உடல் வெளிப்பட்டுவிடும். பொடி உதிர்ந்த பழைய வண்டைப் பார்த்து ஒருவர் "கறுப்பு" என்று எழுதியிருக்க, புதிதாகப் பிடித்ததைப் பார்த்து இன்னொருவர் "மஞ்சள்" என்று வேறு பெயர் சூட்டியிருந்தால் அதில் வியப்பேதுமில்லை. ஆகவே இறுதித் தீர்ப்பை வெளித்தோற்றத்திடம் விட்டுவிடாமல், ஆண் வண்டை ஈரமூட்டி இளக்கி, வயிற்று நுனியைப் பிரித்து, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் தசையைக் கரைத்து, எஞ்சும் இனப்பெருக்க உறுப்பின் கடினமான உறையைக் கிளிசரின் துளியொன்றில் வைத்துப் பார்க்கிறார்கள். பழைய விவரிப்புகள் பெரும்பாலானவற்றில் இந்த உறுப்பைப் பற்றி ஒரு சொல்லும் இராது.

இதனால் என்ன பயன் என்று மாணவி கேட்டால் இந்த உதாரணத்தைக் கூறுங்கள். ஜேர்மனியரான ஜெர்மார் 1821இல் மெசினஸ் ஜாந்தினஸ் என்று பெயரிட்ட, தண்டு துளைக்கும் சிறு நீலக்கறுப்புக் கூன்வண்டு, வட அமெரிக்காவில் களையாகப் பரவிவிட்ட இரண்டு லினேரியா செடிகளை ஒடுக்குவதற்காக 1991இல் கனடாவில் விடப்பட்டது. அவற்றுள் ஒன்று ஏட்ரியாட்டிக் கரையிலுள்ள டல்மேஷியாவின் பெயரைத் தாங்கியது. அந்தச் செடியில் வண்டு நன்றாக வேலை செய்தது. மற்றதில் அந்த அளவுக்கு இல்லை. 2011இல் இத்தாலிய, சேர்பிய ஆய்வாளர்கள் மரபணுவையும் உணவுச் செடியையும் உடலமைப்பையும் ஒருங்கே ஆராய்ந்து, ஒரே பெயரின் கீழ் இருந்தவை இரண்டு இனங்கள் என்று காட்டி, டல்மேஷியச் செடியில் வாழ்வதற்கு மெசினஸ் ஜாந்தினிஃபோர்மிஸ் என்ற புதுப்பெயரை வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள் மிக நுண்ணியவை. ஜெர்மாரின் பெயர் எந்த வண்டுக்குரியது என்பதை முதலில் உறுதிப்படுத்தாமல் புதியதற்குப் பெயர்வைக்க முடியாது. பழையதை மறுபடி விவரிக்காமல் அங்கே ஓரடியும் நகர்ந்திருக்க முடியாது.

வினா: எங்கள் வீட்டில் அரிசிக்குள் வரும் கூன்வண்டும் சோளத்துக்குள் வரும் கூன்வண்டும் ஒன்றா? பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன.
– வாசகர், கொட்டாஞ்சேனை

விடை: ஒன்றுபோலத் தோன்றுவது உங்களுக்கு மட்டுமல்ல, ஆய்வாளர்களும் பல காலம் ஏமாந்த இடம் அது. சுளகிலே அரிசியைப் புடைக்கும்போது கால்களை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடந்து, சற்றுப்பொறுத்து நடக்கத் தொடங்கும் அந்தப் பழுப்பு வண்டை உருப்பெருக்கியில் பார்த்தால், சிறகுறைகளில் செம்மஞ்சள் புள்ளிகள் நான்கு தெரியும். லின்னேயஸ் 1763இல் அதற்கு ஒரைசே என்று பெயரிட்டார். சற்றுப் பெரிய இன்னொன்றுக்கு மோச்சுல்ஸ்கி 1855இல் சேமைஸ் என்றார். பின்னர் இரண்டும் ஒன்றெனக் கருதப்பட்டன; பிறகு இரண்டுதான் என்று தெளிந்தபோது, பெரியதை ஒரைசே என்றும் சிறியதை சசாக்கி என்றும் சிலர் அழைத்தார்கள். லின்னேயஸின் பெயர் சிறியதற்கே உரியது, பெரியது சேமைஸ் என்று 1961இல் குஷெல் என்பவர் தீர்த்துவைத்தார். அதனால் அந்த ஆண்டுக்கு முந்திய ஆய்வுக் கட்டுரையொன்றில் அரிசிக் கூன்வண்டு என்று எழுதியிருந்தால், அது எந்த வண்டு என்று நாம் நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை. எத்தனை பேருடைய உழைப்பு இப்படிப் பயனற்றுப்போனது என்பதை நினைத்தால் மனம் வருந்துகிறது. நம்பத்தக்க வேறுபாடு ஆணின் உறுப்பில் இருக்கிறது: ஒரைசேயில் அதன் மேற்புறம் வழவழப்பானது, சேமைஸில் நெடுக இரண்டு பள்ளங்கள் ஓடும். இரண்டுமே அரிசியையும் சோளத்தையும் தின்னக்கூடியவை என்பதால், எந்தத் தானியத்தில் கண்டீர்கள் என்பதை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம்.

வினா: இலங்கைக் கூன்வண்டுகளுக்கும் மறுவிவரிப்புத் தேவையா? மாணவராகிய நாங்கள் ஏதாவது செய்யலாமா?
– மாணவர், தெஹிவளை

விடை: மிகவும் தேவை. இங்கிருந்து அனுப்பப்பட்ட பூச்சிகளை லண்டனில் இருந்தபடி 1858ஐ அண்டிய ஆண்டுகளில் விவரித்த பிரான்சிஸ் வோக்கரின் எழுத்துகள் சுருக்கத்துக்குப் பெயர்பெற்றவை. மார்ஷல் என்பவர் கூன்வண்டுகளைப் பற்றி 1916இல் வெளியிட்ட பெருநூல் நிலைமையைப் பெரிதும் திருத்தியது என்றாலும், அது வெளிவந்து நூறாண்டு கடந்துவிட்டது. தென்னையைக் குடையும் சிவப்புக் கூன்வண்டும் இந்தக் குழப்பத்துக்குத் தப்பவில்லை: ஃபெருஜினியஸ், வல்னரேட்டஸ் என்ற இரண்டு பெயர்களும் 2004இல் ஒன்றாக்கப்பட்டு, 2013இல் மறுபடியும் பிரிக்கப்பட்டன. இலங்கையிலும் இப்போது மத்தியதரை நாடுகளின் பேரீச்ச மரங்களிலும் இருப்பது முன்னையது. 2010இல் கலிபோர்னியாவில் அகப்பட்டது பின்னையது.

நீங்கள் செய்யக்கூடியது, வீட்டுத் தோட்டத்தில் கிடைக்கும் வண்டுக்கு ஒழுங்கான சீட்டு எழுதுவது. வனவிலங்குச் சரணாலயங்களிலும் தேசிய பூங்காக்களிலும் அனுமதியின்றி எதையும் எடுக்க வேண்டாம். அக்காலச் சீட்டுகள் பலவற்றில் "சிலோன்" என்ற ஒரு சொல் மட்டுமே இருக்கிறது. மன்னாரா நுவரெலியாவா என்று அறிய வழியில்லை. நீங்கள் ஊர், நாள், பிடித்தவர் பெயர், வண்டு எந்தச் செடியில் இருந்தது ஆகியவற்றை அழியாத மையில் எழுதுங்கள். செடியின் பெயர் தெரியாவிட்டால் அதன் கிளையொன்றைப் பூவோடு எடுத்துப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையில் வைத்து உலர்த்தி, வண்டுக்கு இட்ட இலக்கத்தையே அதற்கும் இடுங்கள்.