குழந்தைகள் வார்டில் டோஸ் கணக்கும் டிரிப் கணக்கும் தப்பாமல் போடுவது எப்படி?

கேள்வி: நர்சிங் படிக்கிறேன். ஃபார்முலா எல்லாம் மனப்பாடம், பரீட்சையிலும் சரியாகப் போட்டுவிடுகிறேன். ஆனால் குழந்தைகள் வார்டில் ஆர்டர் ஷீட்டையும் மருந்தையும் கையில் எடுத்ததும் குழம்பிவிடுகிறது. எங்கே தப்பு வரும், எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

ஃபார்முலா ஒன்றுதான். கொடுக்க வேண்டிய மி.கி.யை கையில் இருக்கும் மி.கி.யால் வகுத்து, அது எத்தனை மி.லி.யில் கரைந்திருக்கிறதோ அதால் பெருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. இதில் தப்புபவர்கள் குறைவு. குழந்தையின் எடை, ஆர்டரில் எழுதியிருக்கும் அலகு, லேபிளில் இருக்கும் வீரியம் (எத்தனை மி.லி.யில் எத்தனை மி.கி.) என்று கணக்குக்குள் போடுகிற எண்களைத்தான் தப்பாக எடுக்கிறார்கள். பரீட்சையில் அவற்றைக் கேள்வியே தந்துவிடும். வார்டில் நீங்கள்தான் தேடி எடுக்க வேண்டும். குழப்பம் வருவது அதனால்தான்.

எடையிலிருந்து தொடங்குங்கள். இன்றைய எடை, கிலோவில், மிஷினில் நிறுத்தியது. போன மாதச் சீட்டில் உள்ளதோ, அம்மா சொன்னதோ போதாது. பச்சிளங்குழந்தை என்றால் கையில் கட்டிய ஸ்பிளின்ட்டையும் நனைந்த நாப்கினையும் கணக்கில் வையுங்கள்: 2.5 கிலோ குழந்தையின் எடையில் 100 கிராம் கூடுதலாக ஏறினால் ஒவ்வொரு டோஸும் 4 சதவீதம் கூடும். அவசரத்தில் நிறுத்த முடியாவிட்டால், 1 முதல் 5 வயது வரை வயதை இரண்டால் பெருக்கி 8 கூட்டுவது வழக்கம் (3 வயதுக்கு 14 கிலோ). ஒரு வயதுக்குள் என்றால் மாதத்தோடு 9 கூட்டி இரண்டால் வகுப்பார்கள். அப்படிப் போட்டதை ஷீட்டில் 'உத்தேச எடை' என்றே எழுதுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் அதுவே உண்மையான எடையாகிவிடும்.

அடுத்தது ஆர்டர். 'கிலோவுக்கு 40 மி.கி.' என்றால் ஒரு நாளைக்கா, ஒரு வேளைக்கா? அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளை நாளுக்கு இவ்வளவு என்று சொல்லி வேளைகளாகப் பிரிப்பார்கள். பாராசிட்டமாலை வேளைக்கு இவ்வளவு என்பார்கள். 12 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 40 வீதம் 480 மி.கி.; இரண்டு வேளை என்றால் ஒரு வேளைக்கு 240. இதை வேளைக்கு 480 என்று படித்தால் இரண்டு மடங்கு போய்விடும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம் தப்பு வேறு வழியில் வரும். 80 கிலோ எடையுள்ள பதினைந்து வயதுப் பையனுக்கு கிலோவுக்கு 15 வீதம் பாராசிட்டமால் போட்டால் 1,200 மி.கி. வரும். பெரியவர்களுக்கே ஒரு வேளைக்கு 1,000 மி.கி.தான். எடைக் கணக்கு பெரியவர் டோஸைத் தாண்டும்போது பெரியவர் டோஸோடு நின்றுவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது லேபிள். பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ குழந்தை, கிலோவுக்கு 15 மி.கி., ஆக 150 மி.கி. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் இது 6 மி.லி. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளதில் 3 மி.லி. சொட்டு மருந்தில், அதாவது 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ளதில், வெறும் 1.5 மி.லி. மூன்று பாட்டிலும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். '6 மி.லி.' என்பதை மட்டும் நினைவில் வைத்துச் சொட்டு மருந்தை ஊற்றினால் 600 மி.கி. உள்ளே போகும். ஒரு நாள் முழுவதற்குமான அளவு ஒரே மடக்கில். அதனால்தான் 'இரண்டு ஸ்பூன்', '6 மி.லி.' என்று மட்டும் எழுதிய ஆர்டரை நிறைவேற்றக் கூடாது. மி.கி.யும் இருக்க வேண்டும், மி.லி.யும் இருக்க வேண்டும், எந்த வீரியம் என்பதும் இருக்க வேண்டும்.

நரம்பில் ஏற்றும் பாராசிட்டமால் இன்னும் மோசம். அது 1 மி.லி.யில் 10 மி.கி. 8 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 7.5 வீதம் 60 மி.கி., அதாவது 6 மி.லி. ஆர்டரில் '60' என்ற எண் கண்ணில் பட்டு, கையில் 100 மி.லி. பாட்டிலும் இருந்தால், 60 மி.லி. ஏற்றிவிடுவது மிக எளிது. பத்து மடங்கு. சின்னக் குழந்தைக்கு அந்தப் பாட்டிலை அப்படியே ஸ்டாண்டில் தொங்கவிடாதீர்கள். தேவையான 6 மி.லி.யை மட்டும் சிரிஞ்சில் எடுத்துப் பம்பில் (மருந்தை அளவாக, மெதுவாகச் செலுத்தும் கருவியில்) போடுங்கள்.

பத்து மடங்குத் தப்பைப் பிடிக்க ஒரு வழி உண்டு. கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன்பே 'இது ஒரு மி.லி.க்குள் அடங்குமா, ஐந்தாறு வருமா' என்று மனதில் ஒரு உத்தேசம் சொல்லிக்கொள்ளுங்கள். விடை அதோடு ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நில்லுங்கள். அதேபோல, ஒரு குழந்தையின் ஒரே டோஸுக்கு மூன்று நான்கு ஆம்ப்யூல் உடைக்க வேண்டி வந்தால் கணக்கு தப்பு என்றே எடுத்துக்கொண்டு முதலிலிருந்து பாருங்கள்.

எழுதும் முறையும் இதில் சேரும். அரை மி.கி.யை 0.5 என்று எழுதுங்கள். முன்னால் பூஜ்யம் இல்லாவிட்டால் புள்ளி கண்ணுக்குத் தப்பி 5 ஆகிவிடும். ஐந்தை வெறும் 5 என்று எழுதுங்கள், 5.0 என்றால் 50 ஆகப் படிப்பார்கள். மைக்ரோகிராமைச் சுருக்காமல் முழுதாக எழுதுவது நல்லது.

இனி சிரிஞ்ச். 3 கிலோ குழந்தைக்கு ஜென்டாமைசின் கிலோவுக்கு 5 வீதம் 15 மி.கி. 1 மி.லி.யில் 40 மி.கி. உள்ள மருந்தில் அது 0.375 மி.லி. 2 மி.லி. சிரிஞ்சில் கோடுகள் 0.1 இடைவெளியில்தான் இருக்கும், எனவே நீங்கள் எடுப்பது ஊகம். 0.01 கோடு உள்ள 1 மி.லி. சிரிஞ்ச் எடுங்கள். அல்லது 1 மி.லி. மருந்தோடு 3 மி.லி. சலைன் சேர்த்து, மி.லி.க்கு 10 மி.கி. ஆக்கி, அதில் 1.5 மி.லி. எடுங்கள். இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 0.1 மி.லி. மருந்தைச் சிரிஞ்சில் இழுத்து, அதே சிரிஞ்சால் சலைனையும் இழுத்தால், சிரிஞ்ச் முனையிலும் ஊசிக்குள்ளும் நின்றிருந்த மருந்தும் சேர்ந்து உள்ளே வரும். கோட்டில் அது தெரியாது. 0.05 மி.லி. நின்றிருந்தால்கூட டோஸ் ஒன்றரை மடங்கு. சலைனை வேறு சிரிஞ்சில் முதலில் எடுத்து, அதற்குள் மருந்தைச் செலுத்திக் கலக்குங்கள்.

பவுடர் வயலில் (மருந்துத் தூள் உள்ள சின்னக் குப்பியில்) வேறு சிக்கல். பவுடரும் இடத்தை அடைக்கும். 1 கிராம் செஃப்ட்ரியாக்ஸோனில் 10 மி.லி. ஊற்றினால் கிடைப்பது 10 மி.லி.க்கு மேல், மி.லி.க்கு 100 மி.கி. கிடைக்க 9.6 மி.லி. ஊற்றச் சொல்லும் தயாரிப்பும் உண்டு. பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள், முழு வயலும் போகாத குழந்தைக்கு இது முக்கியம். கணக்கோடு சேர்ந்ததில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: செஃப்ட்ரியாக்ஸோனை ரிங்கர் லாக்டேட்டோடு கலக்கவே கூடாது, கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும்.

அட்ரினலினில் 1:1000 என்பது மி.லி.க்கு 1 மி.கி.; 1:10,000 என்பது 0.1 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு 0.1 மி.கி. வேண்டும். இதயம் நின்றால் 1:10,000இல் 1 மி.லி. நரம்பில். கடும் ஒவ்வாமைக்கு 1:1000இல் 0.1 மி.லி. தொடைத் தசையில். மி.கி. ஒன்றுதான், மி.லி. பத்து மடங்கு வேறு. இதைப் பதற்றத்தில் கணக்குப் போடக் கூடாது, எடைவாரியாக எழுதி எமர்ஜென்சி டிராலியில் ஒட்டியிருக்க வேண்டும்.

டிரிப் கணக்குக்கு வருவோம். பராமரிப்பு அளவுக்கு (உடம்புக்கு அன்றாடம் வேண்டிய திரவத்துக்கு) 1957இல் ஹாலிடே, சீகர் இருவரும் தந்த கணக்கைத்தான் இன்றும் போடுகிறோம்: முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மி.லி., அடுத்த 10க்கு 50, அதற்கு மேல் 20, எல்லாம் ஒரு நாளைக்கு. 18 கிலோவுக்கு 1,000 + 400 = 1,400; மணிக்கு 58 மி.லி. மணிக்கணக்கான 4-2-1 முறையில் (அதே மூன்று படிகளுக்கு மணிக்குக் கிலோவுக்கு 4, 2, 1 மி.லி.) 40 + 16 = 56 வரும். இந்த வித்தியாசத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சுருக்கியதால் வந்தது. பிறந்த குழந்தைகளுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு எத்தனையாவது நாள் என்பதை வைத்து அளவு மாறும். எந்தத் திரவம் என்பதில், உப்பு குறைந்த டிரிப்பால் ரத்தத்தில் சோடியம் இறங்குவதைப் பார்த்தபின், 28 நாள் முதல் 18 வயது வரை பெரும்பாலான குழந்தைகளுக்குச் சோடியம் ரத்தத்தின் அளவுக்கு ஒப்பான திரவமே வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2018இல் சொல்லிவிட்டது.

நீரிழப்பு இருந்தால் எடை × சதவீதம் × 10. 10 கிலோ, 5 சதவீதம் என்றால் 500 மி.லி. பராமரிப்புக்கு மேல் கூடுதல். கடும் நீரிழப்பில் உலக சுகாதார நிறுவனத்தின் 'சி' திட்டம்: கிலோவுக்கு 100 மி.லி. ரிங்கர் லாக்டேட், ஒரு வயதுக்குள் முதல் 30ஐ ஒரு மணியிலும் மீதி 70ஐ ஐந்து மணியிலும், அதற்கு மேல் வயதானால் அரை மணி, இரண்டரை மணி. கடும் ஊட்டக்குறைவு உள்ள குழந்தைக்கு இந்தத் திட்டத்தைத் தொடாதீர்கள்.

இதைச் சொட்டாக்கும்போதுதான் வார்டு நிலவரம் தெரியும். 9 மாதக் குழந்தை, 8 கிலோ: முதல் மணியில் 240 மி.லி. மைக்ரோ செட்டில் (சின்னச் சொட்டாக விழும் டிரிப் குழாயில்) 1 மி.லி.க்கு 60 சொட்டு என்பதால் மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. 240 சொட்டை எண்ணவே முடியாது, ஒரே தாரையாகத் தெரியும். 20 சொட்டு மேக்ரோ செட்டுக்கு மாறினால் மூன்றால் வகுத்து 80 சொட்டு, எண்ணலாம். அடுத்த ஐந்து மணிக்கு 560 மி.லி., மணிக்கு 112, மேக்ரோவில் 37 சொட்டு. சில செட்டில் மி.லி.க்கு 15 சொட்டு. அதில் நான்கால் வகுக்க வேண்டும். உறையிலேயே அச்சடித்திருப்பார்கள், கிழித்துப் போடுமுன் பாருங்கள். பராமரிப்பு டிரிப்புக்குப் பம்ப் இல்லாவிட்டால் பியூரெட் செட்டில் (பைக்குக் கீழே அளவுக் குடுவை உள்ள டிரிப் செட்டில்) ஒன்றிரண்டு மணிக்குரிய அளவு மட்டும் நிரப்புங்கள். கிளாம்ப் நழுவினாலும் அவ்வளவுதான் போகும்.

மருந்தோடு போகும் தண்ணீரும் கணக்கில் சேரும். 3 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 450 மி.லி. ஆர்டர். நான்கு வேளை மருந்து 10 மி.லி. வீதம், முன்னும் பின்னும் 2 மி.லி. ஃப்ளஷ் (குழாயைக் கழுவச் செலுத்தும் சலைன்) வீதம், மொத்தம் 56 மி.லி. அதை டிரிப்பிலிருந்து கழிக்காவிட்டால் எட்டில் ஒரு பங்கு கூடுதலாக ஏறும். போதாததற்கு அந்த 16 மி.லி. சலைன் ஃப்ளஷிலேயே ஏறக்குறைய 2.5 மில்லி ஈக்விவலன்ட் (உப்புகளை அளக்கும் அலகு) சோடியம் இருக்கிறது.

மெதுவான டிரிப்பில் இன்னொரு வினோதம். மணிக்கு 3 மி.லி. ஓடும் லைனில், தனக்கும் குழந்தைக்கும் இடையே குழாயில் 2 மி.லி. திரவம் நிற்கும்படி தள்ளி இருக்கும் போர்ட்டில் (மருந்து செலுத்தும் வாயில்) மருந்தைச் செலுத்திவிட்டுப் போனால், அது உடம்பை அடைய 40 நிமிடம் ஆகும். இடையில் யாராவது ஃப்ளஷ் பண்ணினால் மொத்தமும் ஒரே நொடியில் போகும். மருந்தைக் கேனுலாவுக்கு (நரம்பில் செருகிய குழாய்க்கு) மிக அருகில் உள்ள போர்ட்டில் கொடுங்கள்.

பொட்டாசியம் குளோரைடு 15 சதவீத ஆம்ப்யூலில் மி.லி.க்கு 2 மில்லி ஈக்விவலன்ட். லிட்டருக்கு 20 வேண்டும் என்றால் 500 மி.லி. பையில் 10, அதாவது 5 மி.லி. கலக்காமல் நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நிற்கும். தொங்கிக்கொண்டிருக்கும் பையிலும் சேர்க்காதீர்கள்: கனமான கரைசல் அடியில் இறங்கி வாயருகே நிற்கும், முதலில் அதுதான் ஓடும். பையை இறக்கி, சேர்த்து, பத்து முறையாவது தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, லேபிள் ஒட்டித் தொங்கவிடுங்கள். பாதி தீர்ந்த பையில் சேர்ப்பதாக இருந்தால் 500க்குப் போட்ட கணக்கு செல்லாது. புதுப் பையே எடுங்கள்.

கடைசியாக, இரண்டாமவர் சரிபார்ப்பது. '1.5 மி.லி.தானே அக்கா?' என்று கேட்டால் அவரும் 'ஆமாம்மா' என்பார். அது சரிபார்ப்பு ஆகாது. ஆர்டரையும் வயலையும் மட்டும் அவர் கையில் கொடுங்கள், உங்கள் விடையைச் சொல்லாதீர்கள். அவர் தனியாகப் போட்டுச் சொல்லும் எண்ணும் உங்கள் சிரிஞ்சில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் மட்டும் கொடுங்கள்.