பொன்னாடையை விடுங்கள், பில்லை நீட்டுங்கள்

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு பவர் டேபிள் யூனிட் (பனியன் தைத்துக் கொடுக்கும் பட்டறை) வைத்திருக்கிறேன். தேர்தல் வந்தால் எங்கள் பகுதி யூனிட்காரர்கள் சேர்ந்து வேட்பாளர்களைக் கூப்பிட்டுச் சந்திப்புக் கூட்டம் போடுகிறோம். பொன்னாடை போர்த்தி, டீ, வடை கொடுத்து மரியாதையாக அனுப்பி வைக்கிறோம். ஜெயித்த பிறகு ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இனி யாரையும் கூப்பிட வேண்டாம் என்கிறார் சங்கத் தலைவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வேட்பாளரைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பொன்னாடை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் பொன்னாடை மீது எனக்குள்ள கோபம் தெரியும். உங்கள் கடிதம் அதை இன்னும் கிளப்பிவிட்டது. நீங்கள் துணி தைத்துப் பிழைக்கிற ஊர்க்காரர். உலகத்துக்கே பனியன் அனுப்புகிற ஊரில், வந்தவர் தோளில் போடுவது எது? எங்கோ தயாராகி வந்த பாலியஸ்டர் ஜரிகைத் துணி. அதைப் போர்த்திக்கொள்ள முடியாது, துவைக்க முடியாது, மேஜை துடைக்கக்கூட உதவாது. சென்னிமலைப் போர்வையும் பவானி ஜமுக்காளமும் பக்கத்திலேயே கிடைக்கின்றன. மரியாதை செய்தே தீர வேண்டும் என்றால் நெசவாளிக்கு நாலு காசு போகிற மாதிரியாவது செய்யுங்கள். பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று ஸ்டாலின் தன் கட்சியினரைக் கேட்டுக்கொண்டபோது மனதாரப் பாராட்டினேன். தொழில் சங்கக் கூட்டங்கள் வரை அந்தப் பழக்கம் வந்து சேரவில்லை.

துணியை விடுங்கள், அது தின்கிற நேரத்தைப் பாருங்கள். கொங்குப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். வேட்பாளர் நேரம் கழித்துத்தான் வந்தார். வரவேற்புரை, குத்துவிளக்கு, அப்புறம் பொன்னாடை வரிசை. தலைவர், செயலாளர், பொருளாளர், முன்னாள் தலைவர், மகளிர் அணி, இடம் கொடுத்தவர் என்று வரிசை நீண்டுகொண்டே போனது. போர்த்தியதும் எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள். பின்னால் நின்ற உதவியாளர் ஒவ்வொன்றாக உருவிக் கட்டைப் பையில் திணித்தார். மூன்றாவது வரிசையில் ஒரு லேத் பட்டறைக்காரர், சட்டைப் பையில் கரண்ட் பில்லை மடித்து வைத்துக்கொண்டு எப்போது கேட்கலாம் என்று காத்திருந்தார். அவர் எழுந்தபோது, அண்ணன் அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்ப வேண்டும் என்று மைக்கில் அறிவித்துவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் பேசப்பட வேண்டிய ஒரே விஷயம் அந்த மடித்த காகிதம்தான்.

இன்னொன்று. உங்கள் டீயும் வடையும் பொன்னாடையும் சட்டப்படி தேர்தல் செலவு. டீ, நாற்காலி, மாலை என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அதிகாரி விலைப்பட்டியல் வைத்திருப்பார். தேர்தல் ஆணையத்தின் வீடியோ குழு எடுத்துப் போகும் படத்தைப் பார்த்து வேட்பாளர் கணக்கில் ஏற்றுவார்கள். வேட்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் அவருடைய வெற்றிக்காக நீங்கள் கூட்டம் போட்டுச் செலவு செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா (இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த சட்டம்) 176-ஆவது பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் வரும். 10 ரூபாய்க்குள் என்றால் மட்டும் 10 நாளுக்குள் ஒப்புதல் வாங்கிச் சரிசெய்துகொள்ளலாம். 10 ரூபாயில் ஒருவருக்கு டீ வாங்குவதே சிரமம். அதனால் எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடைக்கு அழையுங்கள். யாருக்கும் ஓட்டுக் கேட்காதீர்கள். தேர்தல் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, கூப்பிடலாமா வேண்டாமா? கட்டாயம் கூப்பிடுங்கள். உங்கள் தலைவர் சொல்வது தப்பு.

2024 செப்டம்பரில் கோவை கொடிசியா அரங்கில் தொழில்துறையினர் கூட்டத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தேர்தல் முடிந்திருந்தது. வந்தவர் வேட்பாளர் இல்லை, ஒன்றிய நிதியமைச்சர். ஓட்டல் உரிமையாளர் ஒருவர் எழுந்து, ஜி.எஸ்.டி.யில் இனிப்புக்கு ஒரு வரி, காரத்துக்கு ஒரு வரி, பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், கம்ப்யூட்டரே திணறுகிறது என்று சொன்னார். அரங்கமே சிரித்தது. அடுத்து அந்த உரிமையாளர் தனி அறையில் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்கும் வீடியோ வெளியே வந்தது. அதைக் கட்சிக்காரர்கள் பரப்பியதற்காக அப்போதைய தமிழக பா.ஜ.க. தலைவரே வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. கேள்வி கேட்ட ஒரு தொழில்முனைவோரை அப்படிக் கைகூப்ப வைத்தது அநியாயம், அதை நான் மறக்கப் போவதில்லை. ஆனால் கேள்வி நின்றது. 2025 செப்டம்பர் 22 முதல் காரத்துக்கு 12 சதவீதம் 5 ஆனது, கேக், பேஸ்ட்ரி வகைக்கு 18 சதவீதமும் 5 ஆனது. ஒருவர் கேட்டதால்தான் குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாடு முழுக்க அந்த வரிக் குழப்பத்தைப் புரிய வைத்தது அந்தக் கிரீம் பன்தான். அவர் தன் கல்லாவில் தினமும் நடப்பதைச் சொன்னார், அவ்வளவுதான்.

நீங்களும் அப்படித்தான் கேட்க வேண்டும். ‘சிறு தொழில்களைக் காப்பாற்றுங்கள்’ என்று மனுக் கொடுத்தால் ‘நிச்சயம் காப்போம்’ என்று பதில் வரும். பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டால் அப்படி நழுவ முடியாது. 2023 செப்டம்பர் 25-இல் மின்சார நிலைக்கட்டணத்தையும், மின்தேவை மிகுந்த நேரத்துக்கான பீக் ஹவர் கட்டணத்தையும் எதிர்த்துச் சிறு தொழிற்கூடங்கள் தமிழகம் முழுக்க ஒருநாள் கதவடைத்தன. உங்கள் பில்லில் மெஷின் ஓடாத மாதத்துக்கும் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் படித்துக் காட்டுங்கள். எம்.பி. வேட்பாளர், ‘ஜி.எஸ்.டி. என் கையில் இல்லை, கவுன்சிலில்தான் முடிவாகும்’ என்பார். விடாதீர்கள். ஒன்றிய, மாநில அமைச்சர்கள் உட்காரும் அந்தக் கவுன்சிலில் ஒன்றிய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு. எதுவும் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆக, டெல்லியை ஆளும் கட்சிக்கும் பொறுப்பு உண்டு, சென்னையை ஆளும் கட்சிக்கும் உண்டு. இருவரும் ஒரே மேடையில் இருந்தால் ஒருவர் மேல் ஒருவர் கைகாட்ட முடியாது.

பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் உங்களைப் போன்ற ஜாப் ஒர்க்காரர்களின் பெரிய வலி நிலுவைத் தொகை. சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி. இந்த நிலுவைப் புகார்களுக்கென்றே உள்ள வசதியாக்க மன்றத்தில் புகார் கொடுத்தால் 90 நாளில் முடிக்க வேண்டும். இத்தனை இருந்தும் யூனிட்காரர் ஏன் புகார் கொடுப்பதில்லை? கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது. புகார் கொடுத்தவரின் பிழைப்புக்கு என்ன பாதுகாப்பு என்று வேட்பாளரிடம் கேளுங்கள். இதற்குப் பதில் தயாராக வைத்திருக்கும் கட்சி எதையும் நான் பார்த்ததில்லை.

பெரிய பணக்காரர்கள் மண்டபம் பிடித்து வேட்பாளரைச் சந்திப்பதில்லை. கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை கொடுக்க உதவிய தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-இல் ரத்து செய்த பிறகு வெளிவந்த, பத்திரம் வாங்கியவர்கள் பட்டியலில் முதலிடம், கோவை முகவரி கொண்ட ஒரு லாட்டரி நிறுவனத்துக்கு: 1,368 கோடி ரூபாய். அதே கொங்குப் பக்கம் அந்த லேத் பட்டறைக்காரருக்கு மைக் கிடைக்கவில்லை. உங்களிடம் பத்திரம் வாங்கப் பணம் இல்லை. இந்தக் கூட்டம் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் தலைவர் இழுத்து மூடினால் உங்கள் குரல் எங்கேதான் ஒலிக்கும்?

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மேடையில் வேட்பாளர்களும் கேள்வி வாசிப்பவரும் மட்டும் போதும். முன்வரிசையில் நிர்வாகிகளுக்குப் பதில் உங்கள் யூனிட் டெய்லர்களையும் செக்கிங் பெண்களையும் உட்கார வையுங்கள். கூலி, பஸ், குழந்தைகள் காப்பகம் பற்றி அவர்களும் கேட்கட்டும், உங்களைப் பற்றியே கேட்டாலும் கேட்கட்டும். பதில்களை வீடியோ எடுத்து, தேதி போட்டுச் சங்கத்தில் வையுங்கள். ஜெயித்தவரை ஆறு மாதத்தில் அதே மண்டபத்துக்கு அழைத்து அதைப் போட்டுக் காட்டுங்கள்.