நாள் வாடகையா, மாத வாடகையா?

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. திருநெல்வேலி சந்திப்புக்கு அருகில் உள்ள என் ஸ்டுடியோ வீட்டிலிருந்து மாதம் 8,500 ரூபாய் வாடகை வருகிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் நாளொன்றுக்கு 1,800 வீதம் மாதம் 54,000 ரூபாய் கிடைக்கும் என்கிறார் தரகர். ஏ.சி., கட்டில், சாமான்கள் வாங்க நகையை அடகு வைத்து இரண்டரை லட்சம் கடன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முப்பது நாளும் ஆள் இருப்பார்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. 1,800 ரூபாயில் முன்பதிவு இணையதளத்தின் கமிஷனாக 15 சதவீதமும், துப்புரவு, சலவைக்கு 200 ரூபாயும், மின்சாரத்துக்கு 150 ரூபாயும் கழித்தால், ஓர் இரவுக்கு உங்கள் கையில் நிற்பது 1,180 ரூபாய்தான். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் சாவி கொடுத்து வாங்குபவருக்கு 3,000, இணைய இணைப்புக்கு 700, ஐந்தாண்டுகளில் தேய்ந்துபோகும் சாமான்களின் மாதப் பங்காக ஏறத்தாழ 4,200 என மாதம் 7,900 ரூபாய் போய்விடும். ஆகவே, நகைக்கடன் வட்டியைச் சேர்க்காமலேயே, இப்போதைய 8,500 ரூபாயை எட்டுவதற்கு மட்டும் ஆண்டு முழுவதும் சராசரியாக மாதம் 14 இரவுகள் வீடு நிரம்பியாக வேண்டும்.

நிரம்புமா என்பதுதான் என் கவலை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலுக்கு வருபவர்கள், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள குற்றாலத்திலோ தென்காசியிலோ தங்கவே விரும்புவார்கள். சந்திப்புப் பக்கம் அறை தேடுபவர்கள் பெரும்பாலும் நெல்லையப்பர் கோயிலுக்கும் திருச்செந்தூருக்கும் வருபவர்களும் கல்யாணத்துக்கு வரும் உறவினர்களும்தான். ஆனித் தேரோட்டத்தின்போது இடம் கிடைக்காது. முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணக் கூட்டத்தை நம்ப முடியாது.

வரியிலும் வேறுபாடு உண்டு. மாத வாடகை வீட்டுச் சொத்து வருமானமாகக் கருதப்படுவதால், நீங்கள் செலவழிக்காவிட்டாலும் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு கிடைக்கும். துப்புரவு முதலிய சேவைகளுடன் நாள் வாடகைக்கு விட்டால், அது பெரும்பாலும் தொழில் வருமானமாகிவிடும். அப்போது இந்த 30 சதவீதக் கழிவு கிடைக்காது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரத்தை அரசிடம் பதிவு செய்யும் பொறுப்பும் உங்களுடையது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் குடியிருப்போர் சங்கம் சம்மதிக்க வேண்டும். வாரம் இரண்டு முறை புது முகங்கள் படியேறுவதைப் பக்கத்து வீட்டார் விரும்பமாட்டார்கள் என்பதையும் நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

வருமானத்தைக் கூட்டத்தான் வேண்டுமென்றால், இப்போதைய குடித்தனக்காரர் காலி செய்யும்போது கட்டில், பீரோ, ஏ.சி. மட்டும் போட்டு, ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் பணியாற்றும் இளம் மருத்துவர்களுக்கோ மாற்றலாகி வரும் வங்கி அதிகாரிகளுக்கோ 11 மாத ஒப்பந்தத்தில் விடுங்கள். 60,000 ரூபாய்க்குள் செலவை அடக்கி, வாடகையில் 2,000 ரூபாய் கூடுதலாகப் பேசினால், போட்ட பணம் இரண்டரை ஆண்டுகளில் திரும்பிவிடும். அந்தத் தொகையையும் வரும் வாடகையிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நகை லாக்கரிலேயே இருக்கட்டும்.