புதிய குடியிருப்புக்கு டிராம் பாதையை எப்போது போடுவது: ஆட்கள் வருவதற்கு முன்பா, பின்பா?

முன்பே. சரி, காலி வண்டி ஓட்டினால் நஷ்டம்தானே என்று கேட்பீர்கள். ஜெர்மனியின் ஃபிரைபுர்க் நகரம் இரண்டு வழியையும் பார்த்த ஊர்.

அங்கே ரீசல்ஃபெல்ட் என்ற பகுதி, நகரத்துச் சாக்கடை நீரைப் பாய்ச்சிவந்த நிலம். அதன் ஒரு பகுதியில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தபோதே, 1997இல், டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. முதலில் கூட்டம் குறைவுதான். ஆனால் புது வீட்டுக்கு வருபவர் முதல் மாதத்திலேயே கார் வாங்கிவிட்டால், அப்புறம் அவரை டிராமுக்கு இழுப்பது பெரும்பாடு. தொடக்கக்கால நஷ்டத்தை டிராமில் போகும் பழக்கத்துக்குக் கொடுத்த விலையாகவே நான் பார்க்கிறேன்.

பழைய ராணுவக் குடியிருப்பு இருந்த ஃபோபான் பகுதிக்கு டிராம் வந்தது 2006இல்தான். அதுவரை பேருந்து. ஆனாலும் பிரதான சாலையை ஒட்டித் தண்டவாளத்துக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அப்படி ஒதுக்கிவிட்டால் பின்னால் வீடுகளை இடிக்க நேராது. இப்போது அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே புல் வளர்ந்திருக்கிறது. அழகுக்கு மட்டுமில்லை, சக்கரச் சத்தத்தையும் புல்தரை ஓரளவு விழுங்கும். ஜன்னலுக்குக் கீழே டிராம் போகும் வீட்டில் இருப்பவருக்கு அதன் அருமை தெரியும்.

பணம் இல்லையென்றால் பாதையைத் தள்ளிப்போடலாம். இடத்தை ஒதுக்குவதைத் தள்ளிப்போடக் கூடாது. வரைபடத்தில் முதல் கோடு டிராமுக்கு. நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் வீடுகள். கடையும் பள்ளியும் நிறுத்தத்தை ஒட்டியே.